ஹெக்-ராஸ்: எங்கள் ஊர் வெள்ளத்தை வைத்து ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தேன்

விலையிலிருந்தே தொடங்குகிறேன், கேட்பவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். வெள்ளத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ் என்ற இந்த மென்பொருளுக்குக் காசு கிடையாது. பதிவு செய்ய வேண்டாம், சாவி எண் வேண்டாம், முப்பது நாள் கெடுவும் இல்லை. அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படைக்குக் கலிஃபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊரில் ஒரு நீரியல் மையம் இருக்கிறது, 1964-ல் தொடங்கியது, அவர்கள் எழுதி வெளியிடும் மென்பொருள் இது. முதல் பதிப்பு 1995-ல் வந்தது. ஆற்றில் இவ்வளவு தண்ணீர் வந்தால் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் நிற்கும், எவ்வளவு வேகத்தில் போகும், கரை தாண்டினால் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்று கணக்குப் போட்டுக் காட்டும். உலகம் முழுக்க அரசுத் துறைகளும் பெரிய கன்சல்டன்சிகளும் வைத்திருக்கும் அதே கருவி, ஒரு சின்ன ஊரில் வீட்டு பிளான் போட்டுப் பிழைக்கிற என்னைப் போன்ற சிவில் இன்ஜினியரின் லேப்டாப்பிலும் ஓடுகிறது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

எங்கள் ஊர் தாமிரபரணியின் கடைசிப் பகுதியில், ஆறு கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நாங்கள் செய்தது அதிகாரபூர்வமான ஆய்வு இல்லை, எங்கள் வரைபடத்தைப் பார்த்து யாராவது ஒருவர் மனை வாங்குவதோ விற்பதோ நடந்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோய், சுமார் 800 பேர் வெளியே வர வழியில்லாமல் தவித்தார்கள். எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீர். அது வடிந்த பிறகு ஊரில் ஆளுக்கொரு தீர்வு சொன்னார்கள்: கரையை உயர்த்து, ஆற்றைத் தூர்வாரு, சீமைக்கருவேலத்தை வெட்டு, குளத்தை ஆழப்படுத்து. எல்லாமே நியாயமாகத்தான் கேட்டது. எது உண்மையிலேயே தண்ணீரைக் குறைக்கும், எவ்வளவு குறைக்கும் என்று சொல்லத்தான் யாரிடமும் வழியில்லை. அதற்காகத்தான் இதை இறக்கினேன். கூடவே கடைசி வருடம் படிக்கும் இரண்டு மாணவர்கள், அவர்களுடைய ப்ராஜெக்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மென்பொருளுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது மூன்று: தரையின் மேடு பள்ளம், வரும் தண்ணீரின் அளவு, தரையின் சொரசொரப்பு. கேட்க எளிதாக இருக்கிறது. எங்கள் வருடத்தில் பத்து மாதம் முதல் ஒன்றுக்கே போனது.

மேடு பள்ளத்துக்கு இலவசமாகக் கிடைப்பது செயற்கைக்கோள், விண்வெளி ஓடத் தரவுகள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் சுற்றி ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு இருக்கிறது, நம் இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் தரவு இருக்கிறது. இரண்டுமே 30 மீட்டர் கட்டம். இப்போது யோசித்துப் பாருங்கள், எங்கள் ஆற்றுக்கரையின் மேல்பக்கம் ஒரு டிராக்டர் போகும் அகலம்தான். 30 மீட்டர் கட்டத்தில் அந்தக் கரையே காணாமல் போய்விடும். அதைவிட மோசம் வாழைத்தோட்டம். எஸ்ஆர்டிஎம் ரேடார் பல இடங்களில் தரை வரைக்கும் போவதில்லை, மரத்தின் தலையிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. ஆகவே வாழையும் தென்னையும் இருக்கும் படுகை முழுக்க மேடாகப் பதிவாகிறது, முதலில் மூழ்க வேண்டிய இடம் கடைசியாக மூழ்குவதாக வரைபடம் சொல்கிறது. நாங்கள் முதல் தடவை ஓட்டியபோது எங்கள் தெரு நனையவே இல்லை. அங்கே கழுத்தளவு நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

ஹெக்-ராஸ் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை இங்கேதான் வருகிறது. தப்பான தரையைக் கொடுத்தாலும் அழகான நீலநிற வரைபடம் ஒன்றைத் தயங்காமல் தரும். கணக்கு சிதறினால் சொல்லும், தண்ணீரின் கொள்ளளவு எவ்வளவு பிசகியது என்று ஓட்டத்தின் முடிவில் சதவீதமாகக் காட்டும், அந்த எண்ணை ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஆனால் நீங்கள் கொடுத்த தரையே பொய் என்பது அதற்குத் தெரிய வழியில்லை. மாநாடுகளில் காட்டப்படும் வெள்ள வரைபடங்களில் எத்தனை இப்படி 30 மீட்டர் கட்டத்தில் தயாரானவை என்று இப்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

சரி, அப்புறம் என்ன செய்தோம்? நடந்தோம். மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் ஒன்று, அளவு குறித்த கோலான ஸ்டாஃப் ஒன்று, செயற்கைக்கோள் வழியாக இடத்தையும் உயரத்தையும் துல்லியமாகச் சொல்லும் டிஜிபிஎஸ் கருவி வாடகைக்கு நான்கு நாள். ஆற்றின் குறுக்கே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கயிறு கட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அமலைச் செடியை (ஆகாயத்தாமரை) விலக்கி விலக்கி, கரைக்குக் கரை ஆற்றடியின் மேடு பள்ளத்தை ஒவ்வொரு குறுக்குவெட்டாக எடுத்தோம். இதில் இரண்டு இடத்தில் சறுக்கினோம், உங்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். ஒன்று, 78 டிகிரி தீர்க்கரேகை எங்கள் பகுதிக்குள்ளேயே, ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவில் ஓடுகிறது. பூமியை நீளப் பட்டைகளாகப் பிரித்து இடத்தைக் குறிக்கும் யூடிஎம் அளவு முறையில் 43-ம் மண்டலமும் 44-ம் மண்டலமும் பிரியும் கோடு அது. மாணவர்கள் எடுத்த புள்ளிகளில் பாதி ஒரு மண்டலத்திலும் மீதி இன்னொன்றிலும் பதிவாகியிருந்தன, இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினோம். இரண்டாவது, டிஜிபிஎஸ் கொடுக்கும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்தது இல்லை, பூமிக்குக் கணக்கில் வைத்திருக்கும் ஒரு வடிவத்திலிருந்து அளந்தது. இலங்கைக்குத் தெற்கே கடலில் புவியீர்ப்பு குறைந்த பெரிய பள்ளம் ஒன்று இருப்பதால், நம் தென்கோடியில் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் 90 மீட்டருக்கு மேல். கரையில் நின்றுகொண்டு கருவியைப் பார்த்தால் மைனஸில் காட்டும். பயந்துவிடாதீர்கள். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும் இல்லையா, நாங்கள் திருத்திய கணக்கு சரிதானா என்று அதை வைத்துத்தான் முதலில் ஒத்துப் பார்த்தோம். அதற்கப்புறம் முறையான பெஞ்ச்மார்க்கிலிருந்து, அதாவது உயரம் குறித்து வைத்த நிலைப்புள்ளியிலிருந்து, லெவல் கொண்டுவந்தோம்.

இப்படி எடுத்த குறுக்குவெட்டுகளை ஹெக்-ராஸ் வாங்கிக்கொள்ளும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு குறுக்குவெட்டுக்கு நடுவில் ஆற்றின் அடித்தளத்தை அதுவே இழைத்து, செயற்கைக்கோள் தரையில் ஆறு இருக்கும் இடத்தில் செதுக்கிவிடுகிறது. கரையின் மேல் கோடு போட்டுவிட்டால் கணக்குக் கட்டங்கள் அந்தக் கோட்டை ஒட்டி வந்து நிற்கும், தண்ணீர் கரைக்கு உள்ளிருந்து மந்திரம் போட்டதுபோல் கசியாது. கட்டம் பெரிதாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் வாய்க்கால், மேடு எல்லாவற்றையும் கணக்கில் வைத்துக்கொள்வதால் சாதாரண லேப்டாப்பில் வேலை நடக்கிறது. இந்த இருபரிமாண வசதி 2016-ல் ஐந்தாம் பதிப்போடு வந்தது. அதற்கு முன்னால் ஆற்றை ஒரு நீளக் கோடாக மட்டும் பார்க்கும் முறைதான். எங்களைப் போன்ற தட்டையான, வயல் சூழ்ந்த ஊருக்கு அது போதாது, ஏனென்றால் கரை தாண்டிய தண்ணீர் எங்கே வேண்டுமானாலும் திரும்பும்.

தண்ணீரின் அளவுக்கு வருவோம். முறப்பநாட்டில் மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது, பழைய ஓட்டங்களைப் புரிந்துகொள்ள அது பெரிய உதவி. வேறொரு அலுவலகத்தில் ஒரே ஒரு தாளுக்காக நான்கு மாதம் நடந்தோம், அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத விருப்பமில்லை. அலகைக் கவனியுங்கள்: நம் ஊரில் எல்லாம் நொடிக்கு எத்தனை கன அடி என்று பேசுவோம், ஹெக்-ராஸில் மெட்ரிக் தேர்ந்தெடுத்தால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கொடுக்க வேண்டும். ஒரு லட்சம் கன அடி என்றால் கிட்டத்தட்ட 2,830 கன மீட்டர்.

ஆற்றுத் தண்ணீரைக் கொடுத்து ஓட்டினோம். இந்த முறை எங்கள் தெரு நனைந்தது, ஆனால் நேரம் ஒத்துவரவில்லை. ஊரில் தண்ணீர் ஏறியதற்குப் பல மணி நேரம் கழித்துத்தான் கணினியில் நாங்கள் உருவாக்கிய மாதிரியில் ஏறியது. வெள்ளக்கோடுகளை அளக்க வீடு வீடாகப் போயிருந்தோம், சுவரில் சேறு படிந்த கறை எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று. அப்போது ஒரு ஆச்சி சொன்னதை மாணவன் நோட்டில் எழுதி வைத்திருந்தான்: "தம்பி, ஆத்துத் தண்ணி பொறவுதான் வந்துச்சு. மொதல்ல கொல்லப் பக்கமா கொளத்துத் தண்ணிலா வந்துச்சு, நான் அடுப்பத் தூக்கி மேல வைக்கதுக்குள்ள." எழுதினோமே தவிர அதை யோசிக்கவில்லை. அந்த வரியை மறுபடி படித்த பிறகுதான் மழையையே நேரடியாகத் தரையில் பெய்யவிட்டு ஓட்டினோம், ஹெக்-ராஸில் அந்த வசதி இருக்கிறது. 62 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர கிலோமீட்டரில் 6,20,000 கன மீட்டர் தண்ணீர். ஆறே இல்லாவிட்டாலும் அது எங்காவது போயாக வேண்டும். ஊருக்குப் பின்னால் இருக்கும் குளத்தின் கரை உடைந்ததையும் சேர்த்தோம். எங்கே, எத்தனை அகலம், எத்தனை மணிக்கு என்று நாம்தான் சொல்ல வேண்டும், நாங்கள் கொடுத்தது ஊர்க்காரர்கள் சொன்ன நேரம். அதற்கப்புறம்தான் சுவரில் இருந்த கறையும் மாதிரியில் இருந்த உயரமும் பெரும்பாலான வீடுகளில் ஒரு சாண் வித்தியாசத்துக்குள் வந்தன. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் எதுவும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனிமேல்தான் இந்த மென்பொருளின் உண்மையான பயன். ஒத்துப்போகும் மாதிரி ஒன்று கையில் இருந்தால், ஊர் சொன்ன ஒவ்வொரு தீர்வையும் அதில் போட்டுப் பார்க்கலாம்.

கரையை உயர்த்திப் பார்த்தோம். எங்கள் பக்கம் குறைந்தது. எதிர்க்கரையில் ஏறியது, மேல்பக்கத்திலும் ஏறியது. எதிர்க்கரை ஊரில்தான் எங்கள் வீட்டுப் பெண்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம், அவர்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் ஒரு முழம் தண்ணீர் ஏறும் என்று தெரிந்துகொண்டே இதை யாரிடமும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீர் போக வேண்டிய இடத்தை ஒரு பக்கம் அடைத்தால் அது மறுபக்கம் போகும் என்பது பொதுவாக எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாருடைய வீட்டில் எவ்வளவு என்று வரைபடத்தில் பார்ப்பது வேறு.

சீமைக்கருவேலத்தை வெட்டுவது. சொரசொரப்புக்கு மேனிங் எண் என்று ஒன்று கொடுக்க வேண்டும். சுத்தமான ஆற்றுக்கு 0.03 அளவில், அடர்ந்த புதர் என்றால் 0.1 வரை போகும். அதே ஆழம், அதே சரிவு என்றால் புதருக்குள் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் நகரும் என்று அர்த்தம். படுகையில் மண்டிக் கிடக்கும் கருவேலத்தை மாதிரியில் நீக்கியபோது மட்டம் நன்றாகவே இறங்கியது. செலவோடு ஒப்பிட்டால் நல்ல பலன், வருடா வருடம் செய்ய வேண்டும் என்பதுதான் சிரமம், ஒரு தடவை வெட்டிவிட்டு விட்டால் இரண்டு மழையில் திரும்ப வந்துவிடும்.

குளத்தை ஆழப்படுத்துவது பற்றித்தான் என் எண்ணம் தலைகீழாக மாறியது. கோடைக்குத் தண்ணீர் சேமிக்க அது அவசியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளத்துக்கு? நம்முடைய வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. டிசம்பர் நடுவில் குளங்கள் ஏற்கெனவே நிறைந்து மறுகால் போகிற நிலையில் இருக்கும். புதிதாகத் தோண்டிய ஆழமும் நவம்பரிலேயே நிரம்பியிருக்கும். பெருமழை வரும் நாளில் காலியாக இருக்கும் இடம் மட்டும்தான் வெள்ளத்தைப் பிடிக்கும். மாதிரியில் குளத்தை ஆழமாக்கி, நிறைந்த நிலையில் தொடங்கி ஓட்டினால் எங்கள் தெருவில் எந்த மாற்றமும் இல்லை.

இந்த இடத்தில் இங்கிலாந்தில் பிக்கரிங் என்ற சிற்றூர் செய்ததைச் சொல்ல வேண்டும். 1999, 2000, 2002, 2007 என்று திரும்பத் திரும்ப மூழ்கிய ஊர். ஊருக்குள் சுவர் கட்டி ஓடையை அடக்க இரண்டு கோடி பவுண்டு ஆகும் என்றபோது அவர்கள் வேறு வழி பார்த்தார்கள்: மேலே காட்டுக்குள் ஓடைகளில் மரக்கட்டைத் தடுப்புகள், கரையோரம் மரங்கள், அப்புறம் ஊருக்கு மேல்பக்கம் 1,20,000 கன மீட்டர் பிடிக்கும் ஒரு மண்கரை. அந்த மண்கரைக்குப் பின்னால் வழக்கமான நாளில் தண்ணீர் நிற்பதில்லை, வெள்ளம் வரும்போது மட்டும் நிரம்பி மெதுவாக விடும். 2015 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பெருமழையில் உச்ச ஓட்டம் 15 முதல் 20 சதவீதம் வரை குறைந்ததாகக் கணக்கிட்டார்கள், ஊர் தப்பித்தது. அவர்களுடையது சிறு ஓடை, நம்முடையது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மூன்று பெரிய அணைகளைத் தாண்டி வரும் ஆறு, அப்படியே எடுத்து வைக்க முடியாது. ஆனால் எங்கள் குளத்துக்கு வரும் ஓடை கிட்டத்தட்ட அவர்கள் அளவுதான். குளத்துக்கு மேலே தரிசாகக் கிடக்கும் புறம்போக்கில் காலியாக இருக்கும் ஒரு தடுப்பை மாதிரியில் கட்டிப் பார்த்தோம். ஆச்சி சொன்ன அந்தக் கொல்லைப்பக்கத் தண்ணீர் தாமதமாகவும் குறைவாகவும் வந்தது.

எல்லாவற்றையும் விட அதிகப் பலன் கொடுத்தது யாருமே சொல்லாத ஒன்று. ஊரைத் தாண்டிப் போகும் சாலை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு அது ஒரு கரையாகவே உயர்ந்துவிட்டது, அடியில் பழைய காலத்துக் குழாய்ப் பாலங்கள் மூன்று, அதில் ஒன்று மண் மூடிப் போனது. தண்ணீர் ஆற்றுக்குத் திரும்ப வழியில்லாமல் சாலைக்கு இந்தப் பக்கமே நின்றிருக்கிறது. அந்த மூன்றையும் எடுத்துவிட்டு அகலமான பெட்டிப் பாலங்களாக மாதிரியில் மாற்றினோம். தண்ணீர் ஊருக்குள் வருவது நிற்கவில்லை, ஆனால் உயரமும் குறைந்தது, இரண்டு நாள் நின்ற தண்ணீர் ஒரே நாளில் வடிந்தது. குழந்தைகளையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் வைத்திருக்கும் வீட்டுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிது என்று நனைந்தவர்களுக்குத் தெரியும்.

தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய் பற்றியும் கேட்கிறார்கள். 2009-ல் தொடங்கிய, சுமார் 75 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் திட்டம் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்கு நிச்சயம் நல்லது. அதன் கொள்ளளவு 3,200 கன அடி. ஒரு லட்சம் கன அடி போகும் வெள்ளத்தில் அது நூற்றுக்கு மூன்று பங்கு. அதைக் காட்டி எங்கள் ஊர் தப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் கணினி வேண்டும். 16 ஜிபி நினைவகம் இருந்தால் ஒரு சிற்றூருக்குத் தாராளம். எங்கள் மழை ஓட்டங்கள் ராத்திரி முழுக்க ஓடின, மின்சாரம் போனால் என்ன செய்வது என்று யோசித்து வையுங்கள். வரைபடம் தயார் செய்ய கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம். ஹெக்-ராஸின் கையேடுகள் அருமையாக எழுதப்பட்டவை, ஆனால் ஆங்கிலம் மட்டும்தான். தமிழில் ஒழுங்கான பாடம் ஒன்று இருந்தால் பாலிடெக்னிக் பிள்ளைகள் எத்தனை பேர் தங்கள் ஊருக்கு இதைச் செய்வார்கள் என்று நினைக்கும்போது ஏக்கமாக இருக்கிறது. திரையில் சில ஜன்னல்கள் தொண்ணூறுகளின் தோற்றத்திலேயே இருக்கின்றன, பழகிவிடும். உங்கள் ஊர்ச் சிக்கல் ஆறு இல்லை, தெருவடிகாலும் மழைநீர்க் குழாயும்தான் என்றால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் எஸ்டபிள்யூஎம்எம் என்ற மென்பொருளை முதலில் பாருங்கள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் வசதி கூடுதல்தான், ஆனால் ஒரு பேரூராட்சியோ கல்லூரியோ அதற்குக் காசு தேடி அலைவதைவிட அந்தப் பணத்தில் டிஜிபிஎஸ் சர்வே செய்வது நூறு மடங்கு மேல்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அந்த அரை, தப்பான தரைக்கும் அழகான படம் தருவதற்காக.

சாலைக்கு அடியில் இருக்கும் பாலங்கள் பற்றிய நான்கு பக்க அறிக்கையைப் பேரூராட்சியில் கொடுத்திருக்கிறோம், முதலில் மண் மூடிய அந்த ஒரு குழாயை மட்டுமாவது திறந்துவிடச் சொல்லி. பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் எட்டு குறுக்குவெட்டு இன்னும் எடுக்கவில்லை, அங்கே எங்கள் மாதிரி கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் காட்டுகிறது, ஏன் என்று புரியவில்லை. மே மாதம் ஆறு முழங்காலுக்கு இறங்கியதும் எடுக்கப் போகிறோம். ஸ்டாஃப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், நீச்சல் தெரிந்தால் நல்லது.